அல்சூர் முதல் வித்யாரண்யபுரம் வரை: மொட்டை மாடி தேடி ஒரு வாரம்

வெள்ளி, ஓசூர் சாலை

கிருஷ்ணகிரியில் பேருந்து ஏறியதும் இடது பக்க ஜன்னல் இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்தேன். எந்த மேட்டிலிருந்து எந்த மேடு தெரிகிறது, நடுவில் எது மறைக்கிறது என்று பார்ப்பதுதான் இந்த வாரம் முழுக்க என் வேலை.

விஷயம் இதுதான். நாங்கள் சில ஹாம்கள், அதாவது அமெச்சூர் வானொலி உரிமம் வைத்திருப்பவர்கள், சேர்ந்து பெங்களூருக்குள் ஒரு கம்பியில்லா டேட்டா வலை போட முயல்கிறோம். அதைத் தெற்கே ஓசூர் வரை நீட்ட வேண்டும். இணையம் போனாலும், மொபைல் டவரின் பேட்டரி தீர்ந்தாலும், ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்குப் பேச்சும் எழுத்தும் படமும் போக வேண்டும். இது புது யோசனை இல்லை. ஜெர்மனி, ஆஸ்திரியா ஹாம்களுக்கு ஹாம்நெட் இருக்கிறது. சியாட்டில் பக்கம் ஹாம்வான் இருக்கிறது. சந்தையில் கிடைக்கும் யூபிகுவிட்டி, மைக்ரோடிக் கருவிகளில் ஏற்றிக்கொள்ள ஏ.ஆர்.இ.டி.என் என்ற இலவச மென்பொருளே உண்டு. கருவி கிடைக்கும், மென்பொருள் கிடைக்கும். வைக்க இடம் தருகிற ஆள்தான் கிடைக்க மாட்டார். அவரைத் தேடித்தான் வந்திருக்கிறேன்.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது போன்கள் அடங்கியது பலருக்கும் நினைவிருக்கும். 2022 செப்டம்பரில் பெங்களூர் அவுட்டர் ரிங் ரோடு பக்கம் வெள்ளம் வந்தபோது ஆட்களை டிராக்டரில் ஏற்றிக் கூட்டிப்போனார்கள். அப்படிப்பட்ட நாளில் டவருக்கு டீசல் கொண்டுபோகும் வண்டிக்கும் அதே சாலைதான்.

அத்திப்பள்ளி தாண்டியதும் நிலம் மெல்ல ஏறுகிறது. எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் பத்துக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதன் மேல் போகும்போது இரண்டு பக்கமும் மொட்டை மாடிகள் கண்ணுக்கு நேராக வந்தன. ஒவ்வொரு தண்ணீர்த் தொட்டியையும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

சனி, அல்சூர்

சித்தி வீடு அல்சூரில், ஏரிக்குப் பக்கத்துத் தெருவில். இங்கே பால்காரர், பூக்காரம்மா, இஸ்திரிக் கடைக்காரர் என எல்லாரும் தமிழ்தான் பேசுவார்கள். நான்கு மாடி ஏறி மேலே போனால் தெற்கிலும் மேற்கிலும் எம்.ஜி. ரோடு பக்கத்துக் கட்டடங்கள் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. வடக்கும் கிழக்கும் திறந்திருக்கின்றன. பை நிறைய கருவி கொண்டுவந்திருந்தேன். சின்ன டிஷ்ஷை வடமேற்கே திருப்பி, ஒலிபரப்பாமல் கேட்க மட்டும் வைத்து, 5.8 கிகாஹெர்ட்ஸ் பட்டையை ஸ்கேன் செய்தேன்.

ஏன் 5.8 என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ஹாம்கள் 2397 மெகாஹெர்ட்ஸில் கருவியை வைத்துக்கொண்டு, சாதாரண வைஃபை தொல்லை இல்லாமல் ஓட்டுகிறார்கள். அந்த அமைப்பை இங்கே அப்படியே நகலெடுக்கக் கூடாது. நம் நாட்டில் 2300 முதல் 2400 வரை 4ஜி நிறுவனங்கள் ஓடுகின்றன. 3.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமும் போக முடியாது, 2022 ஏலத்தில் 3300 முதல் 3670 வரை 5ஜிக்குப் போய்விட்டது. மிஞ்சுவது 5.8. ஹாம்களுக்கு 5725 முதல் 5840 வரை இடம் உண்டு. அதே பகுதியை உரிமம் இல்லாமலும் பயன்படுத்தலாம் என்று 2018 அக்டோபர் அறிவிக்கை சொல்கிறது. ஆன்டெனாவோடு சேர்த்துக் கணக்கிட்டால் 36 டிபிஎம், அதாவது 4 வாட், தாண்டக் கூடாது.

எங்கள் குழுவில் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். இரண்டு விதிகளில் எது இறுக்கமோ அதையே பின்பற்றுவது. சக்தி 36 டிபிஎம்முக்குள். ஹாம் விதி ரகசியக் குறியீட்டை அனுமதிப்பதில்லை என்பதால் எதையும் பூட்டி அனுப்புவதில்லை. வியாபாரப் பேச்சும் கிடையாது. இதனால் சில வசதிகள் போகும், தெரிந்துதான் விடுகிறோம். யார் வந்து கேட்டாலும் திறந்து காட்ட முடிகிற வலையாக அது இருக்க வேண்டும்.

சாயங்காலம் லால்பாக் பாறைக்குப் போனேன். முந்நூறு கோடி ஆண்டுப் பழமையான பாறை என்று அங்கே எழுதியிருக்கிறது. அதன் உச்சியில் கெம்பேகவுடா கோபுரம். இதே மாதிரி அல்சூர் ஏரிப் பக்கம் ஒன்று, கெம்பாம்புதி ஏரிக்கரையில் ஒன்று, மேக்ரி சர்க்கிளில் ஒன்று. நான்குமே மேட்டில்தான் நிற்கின்றன. ரேடியோ இடம் தேடுகிற யாரும் பெங்களூர் வரைபடத்தில் முதலில் இந்த நான்கையும் குறித்துக்கொள்ளலாம். எல்லாமே பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் என்பதால் அவற்றின் மேல் எதையும் வைக்க முடியாது. மேடு எங்கே என்று அவை காட்டுவதே பெரிய உபகாரம்.

ஞாயிறு, நந்தி மலை

விடியும் முன்பே கிளம்பினோம். கூட வந்தவர் இங்கே மென்பொருள் வேலை செய்யும் இளைஞர், திருச்சிக்காரர், ஹாம் உரிமத்தோடு வரும் VU3 அழைப்புக்குறி வாங்கிச் சில காலம்தான் ஆகிறது. அவருடைய ஆசை நந்தி மலை. "அண்ணா, 1478 மீட்டர். இங்க ஒண்ணு வெச்சா பெங்களூர் முழுக்க கவர் ஆயிடும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அவர் சொல்வது பேச்சு ரிப்பீட்டருக்கு, அதாவது குரலை வாங்கி மறுபடி அனுப்பும் கருவிக்கு, சரி. 145 மெகாஹெர்ட்ஸில் ஒரே ஒரு உயரமான இடம் ஊர் முழுக்கக் கேட்கும், வழியில் மரம் கட்டடம் இருந்தாலும் ஓரளவு சமாளிக்கும். 5.8 கிகாஹெர்ட்ஸ் டேட்டாவின் கதை வேறு. மூடுபனி விலகக் காத்திருந்து, பார்வை மேடைப் பக்கம் நகரைப் பார்க்கக் கருவியைத் திருப்பி ஸ்கேனைத் திறந்தோம். திரை முழுக்க ஒரே நிறம். பெங்களூரில் கேபிள் இணையம் தருகிறவர்கள் மாடிக்கு மாடி போட்டிருக்கும் 5.8 இணைப்புகள் ஒன்றுவிடாமல் இங்கே கேட்கின்றன. உயரம் கூடக் கூட நம் குரல் எட்டும் தூரம் கூடும். ஊரின் சத்தம் நம் காதில் விழுவதும் அதே அளவு கூடும். சக்தியையும் கூட்ட முடியாது, 36 டிபிஎம் வரம்பு இருக்கிறது. அல்சூர் மாடியில் இரைச்சல் இதைவிட எவ்வளவோ குறைவாக இருந்தது. எரிச்சலூட்டிய அந்த எம்.ஜி. ரோடு கட்டடங்களே பாதி ஊரின் சத்தத்தைத் தடுத்து நிற்கின்றன.

தம்பி கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் குரங்கு ஒன்று வந்து பை ஜிப்பை இழுக்க, எழுந்தோம். அதுவும் சேர்த்துத்தான் சொன்னேன்: மலையில் கேபிளைக் குரங்கு கடித்தால், இடி விழுந்தால், இரவில் கேட் பூட்டியிருக்கும். மறுநாள் அனுமதி வாங்கி ஏறுவதற்குள் வெள்ளமே வடிந்துவிடும். சாதாரண உயரத்து மாடிகள், கீழே ஆள் குடியிருக்கும் மாடிகள், ஐந்து பத்துக் கிலோமீட்டர் இடைவெளியில். எனக்கு வேண்டியது அதுதான்.

இறங்கும் வழியில் போக நந்தீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். கல்யாணி குளத்துப் படிகளில் உட்கார்ந்து கட்டிவந்த இட்லியைச் சாப்பிட்டோம்.

திங்கள், அவுட்டர் ரிங் ரோடு

பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் சங்கத்தோடு சந்திப்பு. பெயர் சொல்ல வேண்டாம். பதினெட்டு மாடி. 2022 வெள்ளத்தில் இவர்களுடைய அடித்தளத்திலேயே தண்ணீர் நின்றது, அதனால் சுலபமாகப் புரிந்துகொள்வார்கள் என்று எதிர்பார்த்தேன்.

முதல் கேள்வி, எங்களுக்கு இலவச வைஃபை வருமா. வராது, இது இணையத்துக்கு மாற்று இல்லை என்றேன். இரண்டாவது, ரேடியேஷன். இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லத்தான் வேண்டும், பயப்படுகிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கருவி வெளியிடும் சக்தி ஒரு வாட்டுக்கும் குறைவு. பழைய 2ஜி போனே உச்சத்தில் 2 வாட் வரை வெளியிடும், அதைக் காதோடு வைத்துத்தான் பேசினோம். இங்கே கருவி தொட்டிக்கு மேல் இருக்கும், டிஷ் வெளியே பார்க்கும், வீடுகளைப் பார்க்காது. இதையெல்லாம் தாளில் எழுதியே கொண்டுபோயிருந்தேன். ஒரு பெரியவர் வாங்கி முழுக்கப் படித்தார்.

ஆனாலும் வேண்டாம் என்றுதான் முடிந்தது. அவர்கள் சொன்ன காரணத்தில் நியாயம் இருந்தது. சங்க நிர்வாகிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவார்கள், இன்றைக்கு வைக்கச் சொன்னவர் நாளைக்கு இருக்க மாட்டார், மேலே இருக்கும் பெட்டி யாருடையது என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது. மேலே போய்ப் பார்க்க மட்டும் விட்டார்கள். பாராபெட்டுக்கு வெளியே மலைத்தேனீக் கூடுகள் தொங்கின. அந்த மாடியில் வேலை செய்வதென்றால் அதுவும் ஒரு கவலை.

செவ்வாய், வித்யாரண்யபுரம்

இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன். வித்யாரண்யபுரத்தை ஒட்டிய தொட்டபெட்டஹள்ளி பெங்களூரிலேயே உயரமான பகுதி, கடல் மட்டத்திலிருந்து 962 மீட்டர். அருகில் பெல் லேஅவுட். பெல் எனும் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், பூர்விகம் திருநெல்வேலி, வாட்ஸாப்பில் பேசியதை வைத்தே வரச் சொல்லியிருந்தார். VU2 அழைப்புக்குறியோடு நெடுங்காலமாக ஒலிபரப்பில் இருக்கிறார்.

மாடியில் ஒரு சின்ன அறைதான் அவருடைய ஷேக், அதாவது ரேடியோ அறை. சாலிடர் வாசனை. மேசை மேல் மோர்ஸ் சாவி. சுவரில், ரேடியோவில் பேசியதை உறுதிசெய்து உலகமெங்குமிருந்து வந்த க்யூ.எஸ்.எல் அட்டைகள். அவற்றில் ஒன்று ஹாம்சாட் வழியாகப் பேசியதற்கு வந்தது. அந்தச் செயற்கைக்கோளை 2005 மே 5 அன்று பி.எஸ்.எல்.வி-சி6 ராக்கெட்டில், கார்ட்டோசாட்-1 கூட, இஸ்ரோ அனுப்பியது. எடை 42.5 கிலோ. ஹாம்களுக்காகவே செய்தது, 2014 வரை வேலை செய்தது. "நம்ம தலைக்கு மேல போகும் தம்பி. கையில யாகி ஆன்டெனாவப் பிடிச்சுக்கிட்டு இந்த மாடியிலதான் நிப்பேன்" என்றார். அது போகும் பாதையைக் கையால் வானத்தில் வரைந்தே காட்டினார்.

அவர் கேட்ட கேள்விகள் வேறு ரகம். எந்தச் சேனல், எத்தனை மெகாஹெர்ட்ஸ் அகலம், எர்த் எங்கே. அகலத்தை 20-இலிருந்து 10 ஆக்கினால் இரைச்சல் 3 டெசிபல் குறையும், வேகம் பாதியாகும், நமக்கு அந்த வேகம் போதும் என்றேன். "போதும் போதும். நாங்க 1200 பாட்லயே பாக்கெட் ஓட்டினவங்க" என்றார். இடிக்கு எர்த் குழி தோண்ட இடத்தையும் அவரே காட்டினார், தோட்டத்துக் கருவேப்பிலை மரத்துக்கு அந்தப் பக்கம். ஏப்ரல் மே மாதங்களில் இங்கே மாலை மழையோடு இடி பலமாக வரும். அதற்கு முன் இந்த வேலையை முடித்துவிட வேண்டும்.

இன்னொன்றும் அவர் சொன்னார், இந்த வாரத்தில் நான் கேட்டதிலேயே பயனுள்ள பேச்சு. ஹாம் உரிமத்தில் நிலையத்தின் முகவரி எழுதியிருக்கும். எங்கோ மலையில் வைத்தால் அந்த முகவரியில் பொறுப்பாளர் யார் என்ற கேள்வி வரும். ஹாம் குடியிருக்கும் வீட்டு மாடியில் வைத்தால் அந்தக் கேள்வியே எழாது. ஏ.ஆர்.இ.டி.என்-இல் ஒவ்வொரு கருவியின் பெயரும் அழைப்புக்குறியில்தான் தொடங்கும், அதுவும் இதற்குப் பொருந்தி வருகிறது.

அல்சூருக்கும் இங்கேயும் நேர்கோட்டில் சுமார் 13 கிலோமீட்டர். சித்தி மாடியில் தம்பியை நிறுத்திவிட்டுத்தான் வந்திருந்தேன். காலை வெயிலில் முகம் பார்க்கும் கண்ணாடியைத் திருப்பி அல்சூர் திசையில் பளிச் பளிச்சென்று அடித்தோம். போனில் தம்பி, "ஒண்ணும் தெரியல அண்ணா." மறுபடி அடித்தோம். தெரியவில்லை. நடுவே மேக்ரி சர்க்கிள் மேடு, அதன் மேல் மரங்கள். கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும்கூடப் போதாது. இந்தத் தூரத்துக்கு 5.8-இல் நடுவழியில் பார்வைக் கோட்டைச் சுற்றி எட்டு மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். ஃபிரெனல் மண்டலம் என்பார்கள், அதில் அறுபது சதவீதக் கணக்கு அது. ஒரு மரக்கிளை உள்ளே நுழைந்தாலும் சிக்னல் சரியும். மழைநாளில் ஈர இலை என்றால் இன்னும் மோசம்.

ஆகவே நடுவில் ஒரு மாடி வேண்டும், அந்த மேட்டின் மேலேயே.

புதன், மேக்ரி சர்க்கிள் பக்கம்

நாள் முழுக்க நடந்தேன். கோபுரத்திலிருந்து ஆர்.டி. நகர் பக்கம் தெருத்தெருவாக. ஐந்து மாடிக்கு மேல் எதைப் பார்த்தாலும் வாட்ச்மேனிடம் பேசுவது. எனக்கு வரும் அரைகுறைக் கன்னடத்தில் "ஸ்வல்ப மேலே நோடபேக்கு சார்" என்று தொடங்கினால் முகம் மலர்கிறது. மேலே விடுகிறார்களா என்பது வேறு. பெரும்பாலும் "ஓனர் இல்லா" என்ற பதில்தான்.

மத்தியானம் தாண்டி ஒரு பி.ஜி. விடுதி. பெண்களுக்கானது. நடத்துகிற அம்மாவின் தாத்தா திருவண்ணாமலையிலிருந்து கண்டோன்மென்ட் வேலைக்கு வந்தவராம். பெண்கள் விடுதி மாடிக்கு ஆண்கள் ஏறுவதா என்று முதலில் கதவிலேயே நிறுத்திவிட்டார். அது சரிதான். தெருவிலேயே நின்று சொன்னேன். வெள்ளம் என்றதும் கேட்க ஆரம்பித்தார். அன்றைக்கு ரிங் ரோடு பக்கம் வேலைக்குப் போன பெண்கள் பலர் இரவு வந்துசேரவில்லை, போனும் எடுக்கவில்லை, அவர்கள் வீட்டிலிருந்து எல்லாரும் இவரைத்தான் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள்.

"ஓட்டை போடாம வைக்க முடியுமா? போன மழைக்குத்தான் வாட்டர் ப்ரூஃபிங் பண்ணேன்."

முடியும். இரும்புச் சட்டம் ஒன்றைத் தரையில் பரப்பி, அதன் மேல் சாலிட் பிளாக் கற்களை அடுக்கி, நடுவில் ஜி.ஐ. பைப்பை நிறுத்தலாம். கல்லுக்குக் கீழே ரப்பர் விரிப்பு. தளத்தில் ஒரு ஆணிகூட இறங்காது. கரண்ட்? கருவிக்கு 8 வாட், மாதத்துக்கு ஆறு யூனிட்டுக்கும் குறைவு, அதை நாங்கள் கொடுத்துவிடுவோம். கரண்ட் போனால்? 12 வோல்ட் பேட்டரி ஒன்று கூடவே இருக்கும், ஒரு நாளுக்கு மேல் தாங்கும்.

"யாரு மேல வருவாங்க?"

வேறு யாரும் கேட்காத கேள்வி. எழுதிக் கொடுத்தேன். இன்னார் மட்டும், முதல் நாள் சொல்லிவிட்டு, பகலில் மட்டும், அவரோ வார்டனோ கூட இருக்கும்போது. வேண்டாம் என்று அவர் சொன்னால் ஒரு வாரத்தில் எடுத்துவிடுவோம், கல்லையும் சேர்த்து. ஒரே பக்கம், தமிழில். படித்துக் கையெழுத்துப் போட்டார். கல்லூரிக்குப் போகும் மகள் ஹாம் தேர்வைப் பற்றி விசாரித்தாள். 12 வயது நிரம்பினாலே எழுதலாம் என்றதும், "அப்ப நான் லேட்டா?" என்று சிரித்தாள். அவள் உரிமம் வாங்கினால் அந்த முகவரிக்கே ஒரு ஹாம் கிடைத்துவிடுவார். அதுவரை அந்த இணைப்பு உரிமம் தேவைப்படாத விதியின் கீழ் ஓடும்.

வியாழன், எஸ்.பி. ரோடு, அப்புறம் மாடி

காலையில் எஸ்.பி. ரோடு. வெளிப்புற ரக கேட்-6 கேபிள், யூ கிளாம்ப், சர்ஜ் அரெஸ்டர், பேட்டரி, ரப்பர் விரிப்பு. தெரு முழுக்கச் சுற்றினால் கிடைக்காத பொருளே இல்லை. கருவி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள், மத்திய அரசின் வானொலி உரிமப் பிரிவான டபிள்யூ.பி.சி-யின் ஈ.டி.ஏ என்ற கருவி ஒப்புதல் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து யாரோ பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தது வேண்டாம்.

பிற்பகல் வார்டன் அம்மா முன்னே ஏற, நாங்கள் கல் சுமந்து பின்னே. இங்கிருந்து வித்யாரண்யபுரம் 8 கிலோமீட்டர், அல்சூர் 5. முதலில் கண்ணாடி. இரண்டு பக்கமும் தெரிந்தது! பெல் சார் போனில் சத்தமாகவே சிரித்தார். மையம் 5825, அகலம் 10. கணக்குப்படி வித்யாரண்யபுரத்திலிருந்து வர வேண்டியது மைனஸ் 65 டிபிஎம். டிஷ்ஷை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி மைனஸ் 69 வரை கொண்டுவந்தோம். நாலு டெசிபல் இழப்பு ஏதோ ஒரு மரத்தால் இருக்கலாம், அடுத்த முறை பைப்பை ஒரு மீட்டர் உயர்த்திப் பார்ப்போம். அல்சூர் பக்கம் இன்னும் நன்றாக இருந்தது. வித்யாரண்யபுரம் ஷேக்கிலிருந்து ஒரு ஐ.பி. போன், சித்தி வீட்டு ஹாலில் இன்னொன்று. இணையம் இல்லை, சிம் இல்லை. மணி அடித்தது. சித்தி எடுத்தார். "நீங்க எந்த ஊரு சார்?" என்று தொடங்கித் திருநெல்வேலி வரை போய்விட்டது பேச்சு. நான் கருவியின் எண்களைக் குறித்துக்கொண்டு நின்றேன்.

வெள்ளி, ஒரு கல்லூரி

பொறியியல் கல்லூரி ஒன்றில் பேராசிரியர் ஆர்வமாக இருக்கிறார். மாணவர்கள் வருவார்கள், கட்டடம் உயரம், ஜெனரேட்டர் உண்டு. எனக்குத் தயக்கம் ஒன்றுதான். அவர்களுடைய கணினிப் பிரிவு இதைக் கல்லூரி இணையத்தோடு இணைக்க விரும்புகிறது. இணைத்தால் பூட்டிய போக்குவரத்தும் விளம்பரமும் உள்ளே வரும், ஹாம் விதி உடையும். இரண்டையும் தனித்தனி கேபிளில் வைக்க ஒப்புக்கொண்டால் சேரலாம் என்று சொல்லியிருக்கிறேன். பதில் வரவில்லை. கல்லூரியே ஹாம் கிளப் உரிமம் வாங்கினால் நல்லது. மாணவர்கள் நான்கு ஆண்டில் போய்விடுவார்கள், கிளப் இருக்கும்.

இனித் தெற்கு. லால்பாக் பக்கத்திலிருந்து ஓசூர் 35 கிலோமீட்டருக்கு மேல். ஒரே தாவலில் போக நான் விரும்பவில்லை. ஜெயநகரிலோ பி.டி.எம். லேஅவுட்டிலோ ஒன்று, எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் ஒன்று, அத்திப்பள்ளியில் ஒன்று, அங்கிருந்து ஓசூர் எட்டுக் கிலோமீட்டர்தான். ஓசூரில் எங்கள் நண்பர்கள் மாடியைத் தயாராக வைத்திருக்கிறார்கள். நடுவில் இந்த மூன்று மாடிகள் வேண்டும். மிக உயரமாக இருக்க வேண்டியதில்லை. கீழே நீங்கள் குடியிருக்க வேண்டும், சாவி உங்களிடம் இருக்க வேண்டும். உரிமம் இருந்தால் நல்லது, இல்லையென்றால் தேர்வுக்குப் படிக்க நாங்கள் உதவுகிறோம். அந்த ஒரு பக்க ஒப்பந்தத்தை முதலிலேயே அனுப்பிவிடுகிறேன், படித்துப் பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள். வந்து கண்ணாடி அடித்துப் பார்ப்பேன், ஸ்கேன் எடுப்பேன். உங்கள் மாடி சரிப்படாது என்றால் அன்றைக்கே சொல்லிவிடுவேன்.